மச்சினனுக்கு வாங்கிய மவுத்பீஸ்

சிங்கப்பூரிலிருந்து குளுவாங் திரும்பும் ரயிலில், செனாய் ஸ்டேஷன் தாண்டியதும், செல்லப்பன் தன் மச்சினனுக்குத் துரோகம் செய்தான். துரோகம் என்றதும் கத்தி, விஷம் என்று நினைத்துவிட வேண்டாம். சட்டையின் இடது பையில் இருந்ததை வலது பைக்கும், வலது பையில் இருந்ததை இடது பைக்கும் மாற்றினான். அவ்வளவுதான். எதிரே வெற்றிலை மென்றுகொண்டிருந்த சாயபுகூட அதைக் கவனிக்கவில்லை. பாவத்தை ஊரைக் கூட்டி வைத்துத்தான் செய்ய வேண்டும் என்று சட்டமா என்ன?

இரண்டு பையிலும் இருந்தவை கிளாரினெட்டின் மவுத்பீஸ்கள். கிளிமூக்குப் போலச் சரிந்த கறுப்புத் துண்டுகள். அதன் அடிப்பக்கத்தில் ரீடு என்கிற நாணல் சீவலை வைத்து இறுக்கி, வாயில் கவ்வி ஊதினால்தான் கிளாரினெட்டுக்கு உயிர் வரும். பார்த்தால் இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்தவை போல இருந்தன. ஆனால் ரீடின் நுனிக்கும் மவுத்பீஸின் நுனிக்கும் நடுவே காற்றுப் போகிற சந்து, ஒன்றில் அகலம், மற்றதில் ஒடுக்கம். நகக்கண் அளவுகூட வித்தியாசம் இராது. அந்த வித்தியாசத்தைத்தான் அவன் பை மாற்றி வைத்தான்.

ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஆட்களைக் கூட்டம் கூட்டமாக ஊருக்குக் கப்பலேற்றி அனுப்பிய வருஷங்கள் முடிந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. மறுபடியும் பால் வெட்டு முழுசாக நடந்தது. குளுவாங்கை ஒட்டிய அந்தத் தோட்டத்தில் ஐயாசாமி கங்காணிக்குக் கையில் கொஞ்சம் காசு ஓடியது. ஓடிய காசை அவர் சும்மா வைத்திருக்கவில்லை. ஜொகூர் பாருவில் கலைந்துபோன ஒரு பேண்டு கோஷ்டியின் சாமான்களை வாங்கி வந்து, தோட்டத்திலேயே ஒரு பேண்டு வைத்தார். பெரிய டிரம் ஒன்று, ஊது கொம்பு ஒன்று, ஜாலரா, இரண்டு கிளாரினெட். காலையில் பால் வெட்டுகிற கைகள் சாயங்காலம் இவற்றைப் பிடித்தன. ரெங்கம் வரைக்கும் கல்யாணத்துக்குக் கூப்பிட்டார்கள். மாரியம்மன் திருவிழா என்றால் கேட்கவே வேண்டாம்.

அந்தத் திருவிழாவில் ஒரு வழக்கம் உண்டு. தேர் கிளம்புவதற்கு முன்னால் டிரம், ஜாலரா எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஒரே ஒரு கிளாரினெட் மட்டும் அம்மனுக்கு எதிரே நின்று ஊத வேண்டும். ஊதி முடித்ததும் கங்காணி தன் கையால் முதல் தம்ளர் பானகத்தை அவனுக்குக் கொடுப்பார். அதற்குப் பிறகுதான் வடம் தொடலாம். பேண்டு ஆரம்பித்த நாளிலிருந்து அந்தத் தம்ளர் செல்லப்பனுக்குத்தான் வந்துகொண்டிருந்தது. பால் வெட்டில் அவனுக்கு மேலே தண்டல், தண்டலுக்கு மேலே கங்காணி, கங்காணிக்கு மேலே கணக்கெழுதும் கிராணி, எல்லாருக்கும் மேலே தொரை. வருஷத்தில் அந்த ஒரு நேரம் மட்டும் அவனுக்கு மேலே அம்மன்தான் இருந்தாள்.

பிறகு லெட்சுமணன் வந்தான். செல்லப்பனின் மனைவி சந்திரமதிக்குத் தம்பி. ஊரிலிருந்து வந்தவனை லயத்து வீட்டில் தங்க வைத்து, வெட்டுக் கத்தி பிடிக்கச் சொல்லிக்கொடுத்து, இரண்டாவது கிளாரினெட்டைக் கையில் கொடுத்ததும் செல்லப்பன்தான். மச்சானும் மச்சினனும் ஒரே கோப்பையில் மாறி மாறித் தேத்தண்ணி குடிப்பார்கள். ஒருத்தன் வாய் வைத்த சுருட்டை இன்னொருத்தன் வாங்கி இழுப்பான். அவ்வளவு ஒட்டுதல். ஆனால் லெட்சுமணன் அந்தத் தேய்ந்துபோன மவுத்பீஸில் ஊதினால்கூடத் தண்ணீர்க் குழாயடியில் சண்டை போடுகிற பெண்கள் பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். செல்லப்பன் ஊதினால் சண்டை பாட்டுக்கு நடந்தது. இது செல்லப்பனுக்குத் தெரியும். தெரிந்ததை யாரிடமும் சொல்லவில்லை, தன்னிடம்கூட.

பழைய மவுத்பீஸ்கள் பன்றிக்குட்டி போலக் கத்த ஆரம்பித்ததும், கங்காணி செல்லப்பனைச் சிங்கப்பூருக்கு அனுப்பினார். அனுப்பும்போது ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொன்னார்.

"ரெண்டு பேத்துக்கும் வாய்க்குத் தோதாப் பாத்து வாங்கிட்டு வா, செல்லப்பா. இந்த வருஷம் அம்மனுக்கு முன்னால யாரு தனியா ஊதறதுன்னு புதுசு வந்ததும் கேட்டுப் பாத்து முடிவு பண்ணிக்கலாம்."

கேட்டுப் பார்த்து! செல்லப்பனுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் யாரையும் யாரும் கேட்டுப் பார்க்கவில்லையே.

சிங்கப்பூர்க் கடையில் இருந்தவன் மணிலாக்காரன். ஒரு காலத்தில் கப்பல் பேண்டில் ஊதியவன். மாடு பிடிக்கிறவன் பல்லைப் பார்ப்பதுபோலச் செல்லப்பனை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தான். உதட்டைப் பிதுக்கிப் பார்த்தான். தாடையைத் தட்டினான். தடித்த உதடு, வரிசைப் பல், கெட்டித் தாடை, உனக்கு அகலமானதுதான் சரி, அதோடு மெல்லிய ரீடு போட்டுக்கொள் என்று மலாயில் சொன்னான். அடுத்தது யாருக்கு என்று கேட்டான். மச்சினனுக்கு, மெல்லிசு உதடு, கீழ்வரிசையில் ஒரு பல் முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கும் என்றான் செல்லப்பன். மணிலாக்காரன் யோசிக்கவே இல்லை. ஒடுக்கமான மவுத்பீஸையும் கெட்டி ரீடு ஒரு பெட்டியையும் எடுத்து வைத்தான்.

"அகலமானதை மட்டும் அவனுக்குக் கொடுத்துவிடாதே. ஜாங்ஙான், கூடவே கூடாது!" என்று விரலை ஆட்டினான். "அதைக் கடித்து மூடித்தான் ஊத வேண்டும். உனக்குத் தாடை இருக்கிறது. அவன் கடித்தால் அந்தப் பல் உதட்டை அறுத்துவிடும்."

வாங்கியதோடு செல்லப்பன் கிளம்பியிருக்கலாம். ஆனால் இரண்டையும் ஊதிப் பார்த்தான். அவனுக்கென்று கொடுத்தது கடையின் கண்ணாடி அதிரப் பேசியது. ஆனால் மேல் ஸ்தாயிக்கு ஏறும்போது முக்க வேண்டியிருந்தது. பிறகு மச்சினனுடையதை வாயில் வைத்தான். சொன்னதைக் கேட்கிற பிள்ளை மாதிரி அது நினைத்த இடத்துக்கெல்லாம் போயிற்று. மேலே ஏறியது, குழைந்தது, இறங்கியது. தன் வாயிலேயே இப்படி என்றால் லெட்சுமணன் வாயில் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தான். வயிறு எரிந்தது. எரிந்தது என்று சொல்ல என்ன வெட்கம், நன்றாகவே எரிந்தது.

கடற்பாலத்தை ரயில் தாண்டும்போது அவன் மனசு நியாயம் பேசத் தொடங்கியது. நான் மூத்தவன். அவனுக்கு வாழ்வு கொடுத்தவன். அவனுக்கு வயசு இருக்கிறது, அடுத்த வருஷம் ஊதட்டும். இது எல்லாம் சரிதான் என்று மனசு தலையாட்டிய நேரத்தில் செனாய் வந்தது, போயிற்று, கை இரண்டு பைக்கும் போய் வந்தது. ரீடு பெட்டிகளை மட்டும் மாற்றவில்லை. மெல்லியது தனக்கு, கெட்டியானது மச்சினனுக்கு என்று கடைக்காரன் பிரித்துக் கட்டியது கட்டியபடியே இருந்தது. மறந்தானா, மறந்தவன் போல இருந்தானா என்பது அவனுக்கே பிறகு விளங்கவில்லை.

லெட்சுமணன் மவுத்பீஸை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"ஊதிப் பாருடா. சரியா இருக்கா பாரு," என்றாள் சந்திரமதி, அடுப்பை விட்டு எட்டிப் பார்த்து.

"மச்சான் பாத்து வாங்குனதுக்கா. தப்பாவா இருக்கும்?"

ஊதினான். முதல் ஊதலில் வாத்துக் கத்தியது. எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான், செல்லப்பன் கொஞ்சம் தாமதமாகச் சிரித்தான். புதுசு, பழகணும் என்றும் சொன்னான்.

பழகினான் லெட்சுமணன், பாவி மகன். விடிவதற்கு முன்னால் பால் வெட்டப் போய், மத்தியானம் திரும்பி, சாப்பிட்டும் சாப்பிடாமலும் உட்கார்ந்து ஊதினான். அகலமான இடைவெளியை மூடக் கடித்தான். கெட்டி ரீடு அசைந்துகொடுக்க இன்னும் கடித்தான். மரம் தேய்க்க மலாய்க்காரர்கள் வைத்துக்கொள்ளும் சொரசொரப்பான இலையை அவர்களுடைய கிராமமான கம்பத்திலிருந்து வாங்கி வந்து ரீடைத் தேய்த்தான். வெயிலுக்கு நேரே பிடித்து நார் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்தான். ஒன்றைக் கழித்து ஒன்றைப் போட்டான். சத்தம் மட்டும் உடைந்து உடைந்துதான் வந்தது. கீழ் உதட்டின் உள்பக்கம் அந்தப் பல் பட்ட இடத்தில் முதலில் சிவந்தது, பிறகு கிழிந்தது. தோளில் கிடந்த துண்டால் வாயைத் துடைத்தால் துண்டில் ரத்தம் ஒட்டியது.

செல்லப்பனுக்கு மட்டும் வாழ்வு வந்துவிட்டதா? அதுவும் இல்லை. கடைக்குள் குழைந்த மவுத்பீஸ் திறந்த வெளியில் திணறியது. அவனுடைய தாடைப் பலத்துக்கு அந்த ஒடுங்கிய சந்து அடைத்துக்கொண்டது. மெல்லிய ரீடு ஒட்டிக்கொண்டது. கொஞ்சம் அழுத்தி ஊதினால் கழுத்தை நெரித்த கோழியாகக் கீச்சென்று நின்றது. திருடிய சட்டை திருடனுக்கும் சேரவில்லை. ஆனாலும் உதடு கிழியாமல் ஊதினான் என்பதால் அவனுடையது மேலாகத் தெரிந்தது.

ஒரு சாயங்காலம், லயத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தபோது, லெட்சுமணன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"மச்சான், ஒங்களோடத ஒரே ஒரு தடவ வாயில வச்சுப் பாக்கட்டுமா? எனக்கு எங்க தப்புன்னு தெரிஞ்சுரும்."

செல்லப்பன் கிளாரினெட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். ஒரே ஒரு ஊதல் போதும், எல்லாம் வெளியே வந்துவிடும்.

"எச்சில்டா!" என்று அதட்டினான். "நாயனக்காரன்கூட இன்னொருத்தன் சீவாளிய வாயில வைக்க மாட்டான். அம்மனுக்கு முன்னால வாசிக்கிற சாமான். அதுல போயி எச்சில் பண்றேங்கிற."

இருவருக்கும் நடுவில் ஒரே கோப்பையில் பாதி குடித்த தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. லெட்சுமணன் அதைப் பார்த்தான், மச்சானைப் பார்த்தான், பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"தெரியாமக் கேட்டுட்டேன் மச்சான். மன்னிச்சுக்குங்க. அப்ப என்னதான் கோளாறு? நீங்களே சொல்லுங்க."

அங்கேயாவது செல்லப்பன் நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை.

"மவுத்பீஸுல கோளாறு இல்ல மாப்ளே. ஒன் பல்லுலதான். அது அப்புடித் துருத்திக்கிட்டு நிக்கிற வரைக்கும் ஒனக்குக் கிளாரினெட்டு ஒத்துவராது."

சொன்னதில் பொய் என்று எதையும் பிடிக்க முடியாது. பல் துருத்திக்கொண்டுதான் இருந்தது. அதனால்தான் அந்தச் சொல் நேராக உள்ளே போயிற்று. லெட்சுமணன் நாக்கால் அந்தப் பல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டே எழுந்து போனான்.

கங்காணி இருவரையும் கோயில் கொட்டகையில் ஊதச் சொல்லிக் கேட்டார். லெட்சுமணன் பாதியில் நிறுத்தித் துண்டை வாயில் பொத்திக்கொண்டான். செல்லப்பன் கீச்சென்று முடித்தான். கங்காணி முகத்தைச் சுளித்தார்.

"அலமாக்! சிங்கப்பூரு போயி வாங்கிட்டு வந்த லட்சணமாடா இது? பழசே தேவலாம் போல இருக்கே. சரி, செல்லப்பா, நீயே ஊது. பொண்ணு கெடைக்கலேன்னா கிழவியாச்சும் மணையில ஒக்கார வேண்டியதுதான்."

கேட்டது கிடைத்துவிட்டது. கிடைத்த நாளிலிருந்து செல்லப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. மரத்தில் கத்தி வைக்கும்போது பட்டையில் கசிகிற வெள்ளைப் பாலைப் பார்த்தால் மச்சினன் துண்டில் ஒட்டிய சிவப்பு நினைவு வந்தது. சொல்லிவிடலாம் என்று காலையில் எழுவான். இனிச் சொல்லி என்ன ஆகப் போகிறது என்று மாலையில் படுப்பான். மவுத்பீஸைச் சத்தம் போடாமல் மாற்றி வைத்துவிடலாமா என்றும் பார்த்தான். ஆனால் லெட்சுமணனுடையதில், மேல்பக்கத்தில், அவன் கடித்த கடியில் மேல்வரிசைப் பல் பதிந்து இரண்டு குழி விழுந்திருந்தது. எத்தனை வேகமாகக் கடித்திருந்தால் அந்தக் கறுப்புத் துண்டில் குழி விழும்! அதை இனி எப்படி மாற்றினாலும் தெரிந்துவிடும். தொட்டுப் பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்தான். தன் மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்திரமதி வாய் கொப்பளிக்க உப்புத் தண்ணீர் காய்ச்சி வைத்துவிட்டுத் தம்பியைத் தேடினாள்.

"டவுனுக்குப் போயிட்டான் போல. நேத்தே சொன்னான். பல்லைச் சீனங்கிட்டக் காட்டி அரத்தால ராவிக்கிறேன்னு."

"என்னது?"

"மச்சான் சொன்னா சரியாத்தான் இருக்கும்கிறான். வாயெல்லாம் புண்ணு, பாக்கவே முடியல. ஆனாலும் ஒங்க மேல அவனுக்கு இருக்கிற நம்பிக்கை சாமி மேலகூடக் கெடையாது." அவள் குறையாகச் சொல்லவில்லை, பெருமையாகத்தான் சொன்னாள்.

செல்லப்பன் கிளாரினெட்டிலிருந்து மவுத்பீஸைப் பிடுங்கி மடியில் செருகிக்கொண்டு நடந்தான். நடந்தான் என்பது மரியாதைக்கு. செம்மண் பாதையில் ஓடினான். ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாகப் பின்னால் போயின. வாய் தன்பாட்டில் பேசிக்கொண்டே வந்தது. 'மாறிப்போச்சு மாப்ளே. ரயில்ல தூக்கத்துல மாறிப்போச்சு. நேத்துதான் எனக்கே தெரிஞ்சுது.' ஓடுகிற ஓட்டத்திலும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு பொய்யைச் சீவிச் சீவிக் கூராக்கிக்கொண்டிருக்கிறோம் என்பது அவனுக்குத் தெரிந்தே இருந்தது. போய்ச் சேர்ந்தால் போதும், பல் இருந்தால் போதும், பிறகு என்ன பொய் சொன்னாலும் அம்மன் பொறுத்துக்கொள்வாள் என்று நினைத்தான்.

மார்க்கெட்டுக்குப் பக்கத்துக் கடைவரிசையில் பல் பிடுங்குகிற சீனரின் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் பொய்ப்பல் வரிசைகள் இளித்துக்கொண்டிருந்தன. வெளியே அஞ்சடி நடைபாதையில் போட்டிருந்த பலகையில் லெட்சுமணன் உட்கார்ந்திருந்தான். துண்டு வாயில் இருந்தது. மச்சானைக் கண்டதும் துண்டை எடுத்துவிட்டுச் சிரித்தான். கீழ்வரிசையில் நடுவே ஜன்னல் மாதிரி திறந்து கிடந்தது.

"நீங்களும் வந்துட்டீங்களா மச்சான்? முடிஞ்சுபோச்சு." ரத்தத்தைத் துப்பிவிட்டுத் தொடர்ந்தான். "ராவத்தான் சொன்னேன். ராவுனா வலி எடுக்கும், புடுங்கிறதுதான் நல்லதுன்னாரு. புடுங்கையில பக்கத்துப் பல்லும் ஆடிப்போயிருந்துச்சா, அதையும் சேத்து எடுத்துட்டாரு. இனிமே உதட்டக் கிழிக்க ஒண்ணும் இல்ல. திருவிழாவுக்குள்ள ஆறிரும்ல?"

செல்லப்பன் அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். ரீடைத் தாங்குவது கீழ் உதடு, உதட்டைத் தாங்குவது அதற்குப் பின்னால் இருக்கிற பல். சுவர் போனால் பந்தல் எங்கே நிற்கும்? ஊதுகிற எவனுக்கும் தெரிந்த விஷயம் இது. லெட்சுமணனுக்கும் தெரியும். ஆனால் மச்சான் சொன்ன பிறகு அவன் தனக்குத் தெரிந்ததை நம்பவில்லை.

மடியிலிருந்து மவுத்பீஸை எடுத்து நீட்டினான்.

"இது ஒங்களோடதாச்சே," என்றான் லெட்சுமணன்.

"ஒன்னோடது. ஒனக்குன்னு கடைக்காரன் எடுத்துக் குடுத்தது."

"என்ன மச்சான் சொல்றீங்க?"

"ஊதிப் பாரு."

"எச்சில்னு..."

"ஊதுடா!"

கிளாரினெட் இல்லாமல் வெறும் மவுத்பீஸும் ரீடும்கூட ஒற்றைச் சத்தம் கொடுக்கும். லெட்சுமணன் அதை வாயில் வைத்தான். காற்று மட்டும் புஸ்ஸென்று வந்தது. கீழ் உதடு அந்தப் பள்ளத்துக்குள் மடங்கி விழுந்தது. திருப்பி வைத்தான். வலியில் கண்ணில் நீர் கோத்தது. கடைவாய்ப் பக்கம் ஒதுக்கி, பல் இருக்கிற இடமாகப் பார்த்து, உதட்டை ஒட்டி மெதுவாக ஊதினான். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, சத்தம் வந்தது. மெல்லிசாக, சுத்தமாக, முக்கல் முனகல் இல்லாமல் வந்தது. அதற்குள் ரத்தம் வழிந்து ரீடு நனைந்துவிட்டது.

அவன் மவுத்பீஸை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"எவ்வளவு லேசாப் பேசுது," என்றான். பிறகு நிமிர்ந்து, உண்மையாகவே கவலையோடு, மச்சானுக்காகக் கவலையோடு கேட்டான். "மாறிப்போச்சா மச்சான்? ரயில்ல மாறிப்போச்சா?"

வழியெல்லாம் கூராக்கிக்கொண்டு வந்த பொய்யை மச்சினனே எடுத்து அவன் கையில் கொடுத்தான். ஆமாம் என்று தலையை அசைத்தால் போதும். அந்தப் பிள்ளை நம்பிவிடுவான். விதி என்று சொல்லி அழுவான், இரண்டு பேரும் சேர்ந்து அழலாம். செல்லப்பனின் கழுத்து அசையப் பார்த்தது. அந்தப் பள்ளம் விழுந்த வாயைப் பார்த்தான். அசையவில்லை.

"மாறல. நான்தான் மாத்துனேன். தெரிஞ்சே மாத்துனேன். பல்லு அறுக்கும்னு அவன் சொல்லித்தான் அனுப்புனான். நீ என்னைத் தாண்டிருவேன்னு வயித்தெரிச்சல்ல மாத்துனேன்."

தெருவில் காய்கறி வண்டி ஒன்று போயிற்று. சீனர் உள்ளே இடுக்கியைக் கழுவும் சத்தம் கேட்டது. லெட்சுமணன் கத்துவான், அடிப்பான் என்று செல்லப்பன் காத்திருந்தான். அடித்தால் நன்றாக இருக்கும் என்று ஆசைப்பட்டான்.

"பல்லுலதான் கோளாறுன்னு சொன்னீங்களே," என்றான் லெட்சுமணன். அவ்வளவுதான் கேட்டான்.

இடுப்பில் செருகியிருந்த இன்னொரு மவுத்பீஸை, குழி விழுந்ததை, எடுத்து செல்லப்பனின் கையில் வைத்தான்.

"அப்ப இதான் ஒங்களோடது. வச்சுக்குங்க. அம்மனுக்கு முன்னால ஒருத்தனாவது ஒழுங்கா ஊதணும்ல. அக்காகிட்டச் சொல்லிறாதீங்க. அவ தாங்க மாட்டா."

எழுந்து நடந்தான். செல்லப்பன் நாலடி தள்ளிப் பின்னாலேயே போனான். தோட்டம் வரும் வரைக்கும் அந்த நாலடி குறையவில்லை.

பல்வலி தாங்கவில்லை, நானே போய்ப் பிடுங்கிக்கொண்டேன் என்றுதான் லெட்சுமணன் எல்லாரிடமும் சொன்னான். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். கங்காணி திட்டினார். அவன் சிரித்துக்கொண்டு ஜாலராவை வாங்கிக்கொண்டான். செல்லப்பன் கங்காணியிடம் போய், இந்த வருஷம் நான் ஊதவில்லை என்றான். "ரெண்டு கிளாரினெட்ல ஒண்ணு போச்சு, நீயும் மொறண்டு பண்ணுறியா? அம்மன் காரியம்டா. ஊதலேன்னா ஒன் குடும்பத்துக்கு ஆகாது," என்றார் அவர். மச்சினனுக்கு ஆனதைவிட வேறு என்ன கேடு வரப்போகிறது என்று செல்லப்பன் நினைத்துக்கொண்டான்.

திருவிழா அன்று தேருக்கு முன்னால் டிரம் நின்றது, ஜாலரா நின்றது. செல்லப்பன் அகலமான மவுத்பீஸில் மெல்லிய ரீடைக் கட்டி வாயில் வைத்தான். அவனுடைய மேல்வரிசைப் பற்கள் லெட்சுமணன் கடித்த இரண்டு குழிக்குள்ளும் தடங்கலில்லாமல் போய் உட்கார்ந்தன. ஊதினான்.

அப்படி அவன் என்றைக்குமே ஊதியதில்லை. அவன் உதட்டுக்கும் தாடைக்கும் என்று எடுத்து வைத்த சாமான் அது. தோட்டத்தின் கடைசி லயம் வரைக்கும் கேட்டது. பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். கிராணிகூட வண்டியை நிறுத்தி இறங்கி வந்தார். முடித்தபோது கூட்டம் ஓவென்றது.

"டேய், இவ்வளவு நாளும் இத எங்கடா ஒளிச்சு வச்சிருந்த!" என்று கங்காணி கண் கலங்கப் பானகத்தை நீட்டினார்.

தொண்டை வறண்டு போயிருந்தது. செல்லப்பன் வாங்கி மடக் மடக்கென்று பாதியைக் குடித்துவிட்டான். பிறகு, எத்தனையோ வருஷமாகக் கோப்பையை நீட்டிப் பழகிய கை, தானாகவே பக்கத்தில் நின்ற லெட்சுமணன் பக்கம் மீதியை நீட்டியது. நீட்டிய பிறகுதான் என்ன செய்கிறோம் என்று அவனுக்கு உறைத்தது. மடக்கவும் முடியவில்லை.

லெட்சுமணன் தம்ளரைப் பார்த்தான். கோபமாக ஒன்றும் இல்லை, அவன் குரல் எப்போதும் போலத்தான் இருந்தது.

"எச்சில் மச்சான்," என்றான்.

ஜாலராவைத் தட்டிக்கொண்டு டிரம்மோடு போய்ச் சேர்ந்துகொண்டான். தேர் நகர்ந்தது. வழியை விடப்பா என்று யாரோ தோளைத் தொட்டுத் தள்ள, பாதிப் பானகத்தோடு செல்லப்பன் ஓரமாக ஒதுங்கினான்.